நாய் குரைத்ததும் துப்பாக்கியா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ரைபிள் கிளப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விளையாட்டைப் பற்றியே இல்லை, வீட்டுக் காவலுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். மதுரையைச் சுற்றித் தோப்புக்குள்ளும் காட்டுக்குள்ளும் தனியாக வீடு கட்டி இருப்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. 17 வருஷம் ராணுவம், அதற்கப்புறம் இங்கே பிள்ளைகளுக்குக் குறிபார்க்கச் சொல்லிக்கொடுக்கிற வேலை, இந்த இரண்டிலும் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வாடிப்பட்டி பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. பையன்கள் வெளிநாட்டில், நானும் மனைவியும் மட்டும்தான். போன மாதம் அடுத்த தோப்பில் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரிவால்வர் வாங்கலாமா, இரட்டைக்குழல் வாங்கலாமா?

பதில்: அய்யா, முதலில் சட்டம் எதைத் தரும் என்று பார்த்துவிடுவோம். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13வது பிரிவு, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே மரை இல்லாத வழவழப்பான குழல் துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால் அதைத் தனி வகையாக வைத்துப் பார்க்கிறது. பேங்க் வாசலில் காவல்காரர் தோளில் தொங்குமே, பன்னிரண்டு போர் என்பார்களே (போர் என்றால் குழலின் உள் அளவு), அது இந்த வகை. ரிவால்வர், பிஸ்டல் கேட்டால் நியாயமான காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்குத் திருப்தி வர வேண்டும். 2016 விதிகள் வந்த பிறகு உயிருக்கு நிஜமாகவே ஆபத்து இருக்கிறதா என்று துருவிப் பார்க்கிறார்கள், பக்கத்துத் தோப்பில் ஒயர் போனது அந்தக் கணக்கில் நிற்காது. ஒன்பது எம்எம், .38, .303 இவையெல்லாம் தடை செய்யப்பட்ட போர், அந்த நினைப்பே வேண்டாம்.

கிடைக்கிறவற்றுக்குள் எது நல்லது என்றால், வயதானவர்கள் கைக்கு இரட்டைக்குழல்தான். மடக்கித் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்துவிடும், இருந்தால் பித்தளை அடிப்பாகம் இரண்டு பளபளக்கும், இல்லையென்றால் குழல் வழியாக வெளிச்சம் தெரியும், சந்தேகத்துக்கே இடமில்லை. ரிவால்வரின் விசை கனமாக இருக்கும், இழுக்கும்போதே முனை ஆடும், பழக்கமில்லாதவர் ஐந்தாறு மீட்டரில்கூடத் தவறவிடுவார். .315 ரைபிள் வீட்டுக் காவலுக்கு ஆகவே ஆகாது, அதன் குண்டு திருடனைத் தாண்டி அடுத்த தோப்பு, அதற்கும் அடுத்த ரோடு என்று போய்க்கொண்டே இருக்கும். இன்னொரு விஷயம், இரட்டைக்குழலில் ரவை (தோட்டாவுக்குள் இருக்கிற சின்னச் சின்ன குண்டுகள்) பரவும், குறிபார்க்கவே வேண்டாம் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஒரு அறைக்குள், நாலைந்து மீட்டர் தூரத்தில், ரவை உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும். குறி தப்பினால் மொத்தமும் கதவைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் படுத்திருப்பவர் மேல் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் பதில், வேண்டாம் அய்யா என்பதுதான்.

சோழவந்தான் பக்கம் என் கூட்டாளி ஒருவர், அவரும் ராணுவம்தான், லைசென்ஸோடு ஒரு இரட்டைக்குழல் வைத்திருந்தார். ஒரு மாசி மாதத்து ராத்திரி அவர் தோட்டத்து வீட்டில் நானும் படுத்திருந்தேன். ரெண்டு மணி இருக்கும், நாய் குரைத்தது, விடாமல் குரைத்தது. அவர் எழுந்து பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்து, தோட்டா இரண்டைப் போட்டு மடக்கினார். வெளியே வந்தால் மோட்டார் ரூம் ஓரமாக ஒரு ஆள் குனிந்து நிற்கிறான், கையில் நீளமாக ஏதோ இருக்கிறது. இவர் சத்தம் போட்டார், மோட்டார் ஓடுகிற சத்தத்தில் அவன் காதில் விழவில்லை, திரும்பவே இல்லை. இவர் குழலை உயர்த்திவிட்டார். நான் பின்னாலிருந்து டார்ச்சை அடித்தேன். பார்த்தால் அவருடைய தோட்டத்து ஆள், இருபது வருஷமாக அங்கேயே வேலை பார்க்கிறவர். மூணு ஃபேஸ் கரண்ட் அந்த நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்திருக்கிறார், கையில் இருந்தது மடை திருப்புகிற மண்வெட்டி. என் கூட்டாளி துப்பாக்கியைத் திறந்து தோட்டா இரண்டையும் என் கையில் கொட்டினார், கொட்டும்போது அவர் கை நடுங்கியது. பயிற்சி பெற்ற ஆள் அவர், நானும் பக்கத்தில் இருந்தேன், அப்படியும் ஒரு டார்ச் வெளிச்சம்தான் அந்த மனிதரைக் காப்பாற்றியது.

அதனால் நான் உங்களுக்குச் சொல்வது வெளிச்சம். வீட்டின் நாலு மூலைக்கும் மோட்டார் ரூமுக்கும் ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற விளக்கு, படுக்கையறைக் கதவுக்கு உள்பக்கம் கெட்டியான தாழ்ப்பாள், கையெட்டும் தூரத்தில் போன், 112. ரெண்டு நாய் வளருங்கள், கோம்பையோ ராஜபாளையமோ நம் பக்கத்து நாய்க்கு ஈடு கிடையாது. தோட்டத்து ஆட்கள் ராத்திரி வந்தால் முதலில் போன் அடித்துவிட்டு வரட்டும். நீங்கள் பையன்களைப் பார்க்க மூன்று மாதம் வெளிநாடு போவீர்கள் அல்லவா, அப்போது பூட்டிய வீட்டில் துப்பாக்கி இருந்தால் திருடனுக்கு ஒயரைவிட அதுதான் பெரிய வேட்டை. ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கும்.

இதற்கு மேலும் வேண்டும் என்று தீர்மானித்தால், மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் போலீஸ் கமிஷனரிடமும், உங்களைப் போல வெளியே இருப்பவர்கள் கலெக்டரிடமும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். டாக்டர் சான்றிதழ், துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்றிதழ், வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் உண்டு. போலீஸ் விசாரிக்கும். சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு, ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

கேள்வி: லைசென்ஸ் உள்ள துப்பாக்கி இருக்கிறது. ராத்திரி வீடு புகுந்த திருடனைச் சுட்டால் என் மேல் கேஸ் வருமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: வரும். எஃப்ஐஆர் போடுவார்கள், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போவார்கள், நீங்கள் செய்தது தற்காப்புதான் என்று கோர்ட்டில் காட்ட வேண்டியிருக்கும். 2024 ஜூலை முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது, தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகள். 41வது பிரிவில் கொள்ளை, சூரியன் மறைந்ததற்கும் உதிப்பதற்கும் இடையே வீட்டை உடைத்துப் புகுவது, வீட்டுக்குத் தீ வைப்பது போன்ற நிலைமைகளில் எதிராளியின் உயிர் போகிற அளவுக்குக்கூட அந்த உரிமை நீளும் என்று இருக்கிறது. இதை மட்டும் வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு ராத்திரி யார் வந்தாலும் சுடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 37வது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸிடம் போக நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. அவன் சுவரேறிக் குதித்து ஓடுகிறான், நீங்கள் முதுகில் சுடுகிறீர்கள் என்றால் அது தற்காப்பு ஆகாது, சுட்டவர்தான் ஜெயிலுக்குப் போவார். வாசல் கேட்டுக்கு வெளியே நிற்கிறவன், மாங்காய் பறிக்க வந்த பையன், குடித்துவிட்டு வீடு மாறி வந்தவன், இவர்கள் யாரையும் சுட உங்களுக்கு உரிமை கிடையாது.

ஊர்த் திருவிழாவிலும் கல்யாண ஊர்வலத்திலும் வானத்தைப் பார்த்துச் சுடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதற்கு 2019 முதல் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமே சேர்ந்தும் கிடைக்கலாம்.

கேள்வி: பெண்களுக்கென்றே ஒரு சின்ன ரிவால்வர் இருக்கிறதாமே? ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மாட்டுத்தாவணியிலிருந்து ஸ்கூட்டியில் வீடு திரும்புகிறேன். (அண்ணாநகர் வாசகி)

பதில்: நீங்கள் சொல்வது 'நிர்பீக்'. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் செய்து 2014இல் வெளியிட்டார்கள், .32 ரிவால்வர், எடை அரைக்கிலோ, அறிமுகமானபோதே விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டியது. எடை குறைவு என்பதைப் பெரிதாகச் சொன்னார்கள், ஆனால் துப்பாக்கியில் எடை குறைந்தால் உதைப்பு கூடும், அதுவும் குட்டைக்குழல் என்றால் குறி நிற்க நிறையப் பழக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாவது சுட்டுப் பழகாதவர் கையில் எந்த ரிவால்வரும் காவல் இல்லை. ஸ்கூட்டி ஓட்டும்போது ரெண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும், ஹேண்ட்பேக் சீட்டுக்கு அடியில் இருக்கும், வண்டியை மறித்தவன் எட்டும் தூரத்தில் நிற்பான். நீங்கள் பையைத் திறப்பதற்குள் அது அவன் கைக்குப் போய்விடலாம், எனக்கு அந்தப் பயம்தான். தமிழ்நாடு போலீஸின் 'காவல் உதவி' செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், மிளகு ஸ்பிரேயைச் சாவிக்கொத்தோடு மாட்டிக்கொள்ளுங்கள், ராத்திரி வேலை முடிந்து போகிற பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்வது கம்பெனியின் பொறுப்பு என்று மேலாளரிடம் கேளுங்கள் அம்மா. கூச்சப்படாமல் கேளுங்கள், கூட வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: தாத்தா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அவருடைய இரட்டைக்குழல் எங்கள் வீட்டுப் பரணில் அப்படியே கிடக்கிறது, கூடவே ஒரு டப்பா தோட்டாவும். லைசென்ஸ் அவர் பெயரில். என் பெயருக்கு மாற்றலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: மாற்ற வழி இருக்கிறது, ஆனால் இன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. லைசென்ஸ்காரர் இறந்ததும் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டத்தின் 21வது பிரிவு. நான்கு வருஷமாக அது உங்கள் வீட்டில் லைசென்ஸ் இல்லாமல் இருக்கிறது என்றுதான் அர்த்தம், அதற்குத் தண்டனை இப்போது இரண்டு முதல் ஐந்து வருஷம். பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரியாமல் பரணில் வைத்திருக்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய, தானாகப் போய்ச் சொல்பவரை யாரும் குற்றவாளி மாதிரி நடத்துவதை நான் பார்த்ததில்லை. ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள், துப்பாக்கியை எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள். சாக்கில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

அப்புறம் வாரிசு என்ற முறையில் உங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே மாற்றிக் கொடுக்கவும் வழி உண்டு, லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கி அவரிடம் 25 வருஷம் இருந்துவிட்டாலோ வாரிசை நியமிக்கலாம். வீட்டில் பெரியவர் பெயரில் துப்பாக்கி இருக்கிற எல்லாரும் இதைக் கவனியுங்கள்.

ஒன்றே ஒன்று, அதைச் சுட்டுப் பார்க்கலாமே என்று யாராவது மச்சான் ஆசைப்படுவார். விடாதீர்கள். இதே மாதிரி பரணில் இருந்து இறக்கிய ஒரு துப்பாக்கியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். வலது குழல் வழியாக வெளிச்சம் வந்தது, இடது குழல் இருட்டு. குச்சியை விட்டுத் தட்டினால் காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்கிறது, குளவி கூடு கட்டியிருக்கிறது. அந்தக் குழலில் தோட்டா போட்டு விசையை இழுத்திருந்தால் குழல் வெடித்துப் பிடித்திருந்தவர் விரல்கள் போயிருக்கும். தோட்டாக்களும் அப்படித்தான், அட்டைக்கூடு ஈரத்தில் உப்பிப்போய், பித்தளையில் பச்சைப்பாசி மாதிரி பூத்திருந்தது. அவற்றைக் கழுவுவது, உடைப்பது, அடுப்பில் போடுவது எதுவும் வேண்டாம், டப்பாவோடு ஒப்படைத்துவிடுங்கள்.

கேள்வி: சாப்டூர் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கி ஒரே ராத்திரியில் பாதியை உருட்டிவிடுகிறது. நாட்டுத் துப்பாக்கி வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ராத்திரி பரண் கட்டி டின் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், பகலில் அவர்கள்தான் களையும் எடுக்க வேண்டும். ஆனால் கள்ளத்தனமாகக் கிடைக்கிற நாட்டுத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்கிறார்கள், பன்றிக்கு ஆபத்தோ இல்லையோ சுடுகிறவன் கண்ணுக்கு நிச்சயம் ஆபத்து. தீனிக்குள் வெடிமருந்து வைக்கிற அவுட்டுக்காய் அதைவிட மோசம், மாடும் நாயும் கடித்துத் தாடை கிழிந்து செத்திருக்கின்றன.

பயிர்க் காவலுக்கென்று குழலின் வாய்வழியாக வெடிமருந்து இடிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்க ஆயுதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த லைசென்ஸ் கிடைத்தாலும் அது பன்றியைக் கொல்ல அனுமதி ஆகாது, 1972ஆம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வெடிச்சத்தம் போட்டு விரட்டலாம், அவ்வளவுதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றைத் தாண்டினால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். சுடுவது அவர்கள், விவசாயி இல்லை. உங்கள் நிலம் மலையடிவாரம் என்பதால் பெரும்பாலும் முதல் இரண்டு வட்டத்துக்குள்தான் வரும், அதனால் விஏஓ, ஊராட்சித் தலைவர், வனவர் மூவருக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டு, பயிர்ச் சேதத்துக்கு இழப்பீட்டு மனுவையும் போட்டோவோடு கொடுங்கள். ஊர் மொத்தமும் சேர்ந்து கொடுத்தால் வேகம் வரும்.

கேள்வி: ஏர்கன் வாங்கி வைத்தால் திருடனுக்குப் போதாதா? லைசென்ஸே வேண்டாமாமே. (மேலூர் வாசகர்)

பதில்: .177 போர், குண்டு வெளிவரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், உண்மை. திருடனுக்குப் போதாது என்பதும் உண்மை. சட்டைக்கு மேல் பட்டால் அவனுக்குக் கோபம்தான் வரும், கண்ணில் பட்டால் கண் போகும், இரண்டுமே உங்களுக்கு நல்லதில்லை. தூரத்தில் பார்ப்பவனுக்கு அது நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும், அவன் கையில் நிஜமானது இருந்தால் அவன் முந்திவிடுவான். மயில், கொக்கு, புறா என்று மாடியிலிருந்து அடிக்கிற ஆட்களும் உண்டு, மயிலை அடித்தால் நேராக ஜெயில்தான்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாகர் இரண்டு வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்ததிலிருந்து துப்பாக்கி சுடப் போகிறேன் என்கிறாள். படிப்பு கெடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எந்தத் துப்பாக்கி வாங்கித் தருவது? (திருநகர் வாசகர்)

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள், முதலில் கூட்டிக்கொண்டு வாருங்கள். 12 வயது முடிந்த பிள்ளைகள் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றால் சுட்டுப் பழகலாம் என்று விதி இருக்கிறது. மதுரையில் ரைபிள் கிளப் உண்டு, திருச்சி, கோவை, சென்னையிலும் உண்டு, கிளப்பின் துப்பாக்கியிலேயே ஆறு மாதம் பழகலாம்.

நம் ஆட்களுக்கு இந்த விளையாட்டு தூரம் இல்லை. 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர், பத்து மீட்டர் ஏர் ரைபிள், இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார். பாரிஸுக்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டைக்காரர், அவர் சுடுவது பறக்கிற மண்தட்டை.

ரைபிளா பிஸ்டலா என்பதை மகளின் உடம்பு சொல்லும். ரைபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம், கெட்டியான கோட்டும் பேன்டும் போட்டு நிற்க வேண்டும், மதுரைச் சித்திரை வெயிலில் அது ஒரு தவம்தான். ஆனால் ரைபிளில் உடம்பின் எலும்பு எடையைத் தாங்கும், நிதானமான பிள்ளைகளுக்கு அது பிடித்துவிடும். பிஸ்டல் ஒன்றரைக் கிலோவுக்குள், ஒரே கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும், கோட்டு கிடையாது, செலவு குறைவு, ஆனால் மணிக்கட்டும் தோளும் பல மாதம் வலிக்கும். பிஸ்டலின் பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர். ரைபிளில் அது அரை மில்லிமீட்டர், பேனா முனையால் தொட்டு வைத்த புள்ளி, பத்து மீட்டர் தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. தெரிவதெல்லாம் கறுப்பு வட்டம், அதைச் சுற்றித் துப்பாக்கியின் முன்வளையம், இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு. அந்த வெள்ளைக்கோடு எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக நிற்கிற அந்த ஒரு நொடியில், மூச்சு பாதி வெளியே போய் நின்றிருக்கும்போது, விரல் தானாக விசையைத் தாண்ட வேண்டும். இழுத்தேன் என்று தெரிந்தால் தப்பிவிட்டது என்று அர்த்தம். போட்டியில் இதை 60 தடவை செய்ய வேண்டும்.

படிப்பு கெடுமா என்று கேட்டீர்கள். என்னிடம் வந்த துறுதுறு பிள்ளைகள் பலரும் மூன்றாவது மாதத்தில் ஒரு இடத்தில் உட்காரப் பழகிவிட்டார்கள், வேறு என்ன வேண்டும்? முதல் மாதம் பாதி நேரம் குண்டே போடாமல் வெறும் விசைதான் பழகுவார்கள், அதில் சலித்துப் போகிறவர்கள் போய்விடுவார்கள், மகள் நின்றுவிட்டால் அப்புறம் பார்த்து வாங்கலாம். அப்போதும் வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கிக்கு ஓடாதீர்கள், அது லட்சங்களில் போகும். இந்தியாவில் செய்கிற ஏர் ரைபிளே ஆரம்பத்துக்குப் போதும், மேலே போன சீனியர் பிள்ளைகள் தங்கள் பழையதைக் கைமாற்றிக் கொடுப்பதும் உண்டு. பள்ளியில் என்சிசி இருந்தால் சேர்த்துவிடுங்கள், அங்கே .22 ரைபிளும் கைக்கு வரும். வீட்டில் வைக்கும்போது துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், பெல்லட் குண்டு டப்பா வேறு பூட்டுக்குள், இரண்டு சாவியும் உங்களிடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுக்கு முன்னால் வாருங்கள். செருப்பு வேண்டாம், அடி தட்டையாக இருக்கிற கான்வாஸ் ஷூ போதும், தலைமுடியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும், அதை மட்டும் மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.